'1984' நாவலைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓஷியானியா என்ற கற்பனை நாட்டை ஒரே கட்சி அடக்கி ஆள்வதைச் சொல்லும் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலின் முடிவில், அதன் மையப் பாத்திரமான வின்ஸ்டன் ஸ்மித் சுட்டுக் கொல்லப்படுகிறான் என்று சொல்லும் கட்டுரைகளைப் பலமுறை படித்திருக்கிறேன். மாணவர்கள் மட்டுமல்ல, நூல் அறிமுகம் எழுதிப் பழகிய வாசகர்களும் இப்படி எழுதிவிடுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு தோட்டா வருவது உண்மைதான். அது அவன் மூளைக்குள் நுழைவதாக ஒரு வாக்கியமும் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அவன் உடல் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். செஸ்ட்நட் ட்ரீ கஃபேயின் ஒரு மூலையில், கிராம்பு வாசனை கலந்த விக்டரி ஜின் கோப்பைக்கும் சதுரங்கப் பலகைக்கும் முன்னால் அவன் உட்கார்ந்திருக்கிறான். ஆப்பிரிக்கப் போர்முனையில் பெருவெற்றி என்று, மக்களைக் கண்காணிக்கவும் செய்யும் திரையான டெலிஸ்கிரீன் முழங்குகிறது, தெருவில் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, பரிசாரகன் வந்து கோப்பையை மறுபடி நிரப்புவதைக்கூடக் கவனிக்காமல் அவன் ஒரு பேரின்பக் கனவில் மூழ்கியிருக்கிறான். வெள்ளை ஓடு பதித்த நடைவழியில் ஆயுதமேந்திய காவலன் பின்தொடர அவன் நடப்பதும், நெடுநாள் எதிர்பார்த்த தோட்டா பாய்வதும் அந்தக் கனவுக்குள் நடப்பவை. அதற்குப் பிறகு அவன் கட்சித் தலைவரான பெரியண்ணனின் சுவரொட்டியிலுள்ள பெரிய முகத்தை நிமிர்ந்து பார்க்கிறான். ஜின் மணக்கும் இரண்டு கண்ணீர்த் துளிகள் மூக்கின் இருபுறமும் வழிகின்றன. செத்தவனுக்குக் கண்ணீர் வராது.

இதைச் சின்னப் பிழை என்று ஒதுக்க முடியாது. எதிர்த்து நிற்பவனை அப்படியே கொன்றால் அவன் தியாகியாகிவிடுவான், பழைய கொடுங்கோலர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் சறுக்கினார்கள் என்று கட்சியின் மேல்மட்ட உறுப்பினனான ஓபிரையன் சித்திரவதை அறையில் நிதானமாக விளக்குகிறான். கட்சி முதலில் அவன் மனத்தை முழுவதும் தன் பக்கம் மாற்றும்; கொல்வது அதற்குப் பின்னால், அவசரமில்லாமல், என்றோ ஒருநாள். ஆகவே கதை முடியும் இடம் மரணம் அல்ல, அன்பு. வின்ஸ்டனைச் சுட்டுக் கொன்றுவிடும் கட்டுரை, நாவலிலேயே மிகக் கொடிய வாக்கியமான 'அவன் பெரியண்ணனை நேசித்தான்' என்பதை வெறும் சோக முத்தாய்ப்பாகச் சுருக்கிவிடுகிறது.

இப்படிப்பட்ட பிழைகளுக்கு வேர் ஒன்றுதான் என்பது என் கருத்து. நாவல் படர்க்கையில் எழுதப்பட்டிருப்பதால், அதில் சொல்லப்படுவதெல்லாம் நடுநிலையான ஒரு கதைசொல்லியின் கூற்று என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் ஏறக்குறைய ஒவ்வொரு காட்சியும் வின்ஸ்டனின் கண் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது. அவனோ கதை நெடுகிலும் ஆட்களைத் தப்புக்கணக்குப் போடுகிறவன். ஓபிரையனை நண்பன் என்று நம்புகிறான். பழம்பொருள் கடை வைத்திருக்கும் முதியவர் சாரிங்டனை அப்பாவி என்று நினைக்கிறான். அவரோ, கட்சிக்கு எதிரான எண்ணத்தையே குற்றமாகப் பிடிக்கும் சிந்தனைக் காவல்துறையின் வேடமிட்ட ஆள், முதியவர்கூட அல்ல. கடையின் மாடியறையில் டெலிஸ்கிரீன் இல்லை என்று நிம்மதி கொள்கிறான். அது சுவரில் மாட்டிய படத்துக்குப் பின்னால் இருக்கிறது. மண்டையோட்டுக்குள் இருக்கும் சில கன சென்டிமீட்டர் மட்டும் தனக்கே சொந்தம் என்கிறான். மூன்றாம் பாகம் முழுவதும் அந்தக் கடைசி நிலத்தையும் பறிப்பதைப் பற்றியதுதான். எனவே 'நாவல் சொல்கிறது' என்று எழுதுவதற்கு முன், 'வின்ஸ்டன் நினைக்கிறான்' என்று எழுத வேண்டிய இடமா இது என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

ஓபிரையனைத் துரோகி என்று எழுதுவது இதே வகையைச் சேர்ந்தது. துரோகம் செய்ய முதலில் உறவு இருந்திருக்க வேண்டும். ஏழு ஆண்டுகளாக உன்னைக் கவனித்துவருகிறேன் என்று அவனே சொல்கிறான். இருளே இல்லாத இடத்தில் சந்திப்போம் என்று வின்ஸ்டனின் கனவில் ஒலித்த குரலும் ஏழு ஆண்டுகளுக்கு முந்தையது. அந்த இடம் விடுதலையின் ஒளி அல்ல, பெயருக்கு மாறாகச் சித்திரவதை நடக்கும், இரவும் பகலும் விளக்கணையாத அன்பு அமைச்சகத்தின் சிறையறை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சிறையறைக்குள் ஓபிரையன் நுழையும்போது, உன்னை ஏமாற்றிக்கொள்ளாதே, இது உனக்கு எப்போதுமே தெரியும் என்கிறான், வின்ஸ்டனும் உள்ளுக்குள் அதை ஒப்புக்கொள்கிறான். ஏமாற்றியவன், ஏமாந்தவன் என்ற எளிய கோட்டுக்குள் இந்த உறவு அடங்குவதில்லை. தன்னைப் புரிந்துகொள்ளும் ஒரே மனம் தன்னை வதைப்பவனிடம்தான் இருக்கிறது என்ற ஈர்ப்பை விட்டுவிட்டு ஓபிரையனை வெறும் வில்லனாக வரைந்தால், பாதிக் கதை கைநழுவிப் போய்விடும்.

வின்ஸ்டனை மாசற்ற நாயகனாக்குவது இதைவிடப் பரவலான தவறு. முப்பத்தொன்பது வயது, வலது கணுக்காலுக்கு மேல் ஆறாத புண், மாடிப்படி ஏறினால் மூச்சுவாங்கும் உடல் என்று ஆர்வெல் அவனைத் தொடக்கத்திலேயே தரையில் நிறுத்துகிறார். அவன் செய்யும் வேலை என்ன? உண்மை அமைச்சகத்தின் ஆவணப் பிரிவில் பழைய செய்தித்தாள்களைத் திருத்துவது. அந்த வேலையை அவன் வெறுக்கிறான் என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். நாவலோ, அவன் வாழ்வின் மிகப் பெரிய இன்பம் வேலையில்தான் இருந்தது என்று தெளிவாகச் சொல்கிறது. வேண்டாதவனாகிவிட்ட விதர்ஸ் என்பவனைப் பாராட்டி வந்த பழைய செய்தியை மாற்ற வேண்டியபோது, ஓகில்வி என்ற வீரனை அவன் இல்லாத இடத்திலிருந்து உருவாக்குகிறான். மூன்று வயதில் முரசும் இயந்திரத் துப்பாக்கியும் பொம்மை ஹெலிகாப்டரும் தவிர வேறு விளையாட்டுப் பொருளைத் தொடாத குழந்தை, பதினொரு வயதில் தன் மாமனையே காட்டிக்கொடுத்த சிறுவன், இருபத்து மூன்று வயதில் கடலில் குதித்து உயிர்விட்ட தியாகி என்று ஒரு முழு வாழ்க்கையையே எழுதி முடிக்கிறான். ஒரு பதக்கமும் கொடுக்கலாமா என்று யோசித்து, மற்ற ஆவணங்களையும் திருத்த வேண்டிவரும் என்று விட்டுவிடுகிறான். இதில் வெறுப்பு எங்கே இருக்கிறது? கைதேர்ந்த தொழிலாளியின் திருப்தி மட்டுமே இருக்கிறது. சூழ்ச்சிக்கு இரையானவனே அந்தச் சூழ்ச்சியின் திறமையான பணியாளனும் ஆவான்.

கட்சிக்கு எதிரான இரகசிய இயக்கத்தில் சேர வின்ஸ்டனும் அவன் காதலி ஜூலியாவும் ஓபிரையன் வீட்டில் தரும் உறுதிமொழிக் காட்சியும் இங்கே நினைவில் இருக்க வேண்டும். கொலை செய்வாயா, ஒரு குழந்தையின் முகத்தில் கந்தக அமிலத்தை வீச வேண்டியிருந்தால் வீசுவாயா என்ற கேள்விகளுக்கெல்லாம் வின்ஸ்டன் ஆம் என்கிறான். காதலர்கள் இருவரும் மறுப்பது ஒன்றே ஒன்றைத்தான்: ஒருவரையொருவர் என்றென்றைக்கும் பிரிவதை. அதையும் முதலில் மறுப்பவள் ஜூலியா. வின்ஸ்டனுக்கு வாய் திறக்கச் சற்று நேரமாகிறது. பின்னர் சித்திரவதையின் நடுவே, பொய்யும் கொடுமையும் நிறைந்த உங்களைவிட நான் உயர்ந்தவன் என்று அவன் சொல்லும்போது, ஓபிரையன் பதில் பேசாமல் அன்றிரவின் ஒலிப்பதிவை ஓடவிடுகிறான். வின்ஸ்டனின் குரலே வின்ஸ்டனுக்குப் பதில் சொல்கிறது. அவன் மேல் இரக்கம் கொள்ள நமக்கு எல்லாக் காரணமும் உண்டு; ஆனால் இந்த ஒலிப்பதிவைக் குறிப்பிடாமல் எழுதப்படும் பாத்திர ஆய்வு அரைகுறையானது.

ஜூலியாவுக்கு வருவோம். 'இடுப்புக்குக் கீழேதான் நீ கலகக்காரி' என்ற வரியைக் காட்டி, அவளை அறிவில்லாத உடலின்பப் பிரியையாக முடித்துவிடும் கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. அந்த வரி வின்ஸ்டன் சொன்னது. கட்சியின் பரம எதிரி என்று சொல்லப்படும் கோல்ட்ஸ்டைனின் நூலை அவன் உரக்கப் படிக்கும்போது அவள் தூங்கிப்போவதையும் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் லண்டன் மேல் தினமும் விழும் ராக்கெட் குண்டுகளை, மக்களை அச்சத்திலேயே வைத்திருப்பதற்காக ஓஷியானியா அரசே வீசிக்கொள்கிறது போலும் என்று போகிறபோக்கில் சொல்பவள் அவள்தான். அப்படியொரு எண்ணம் தனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை என்று வின்ஸ்டனே வியக்கிறான். எதிரிகளைத் திரையில் காட்டிக் கூட்டாகத் திட்டவைக்கும் 'இரண்டு நிமிட வெறுப்பு' என்ற சடங்கின்போது வாய்விட்டுச் சிரித்துவிடாமல் இருப்பதுதான் தனக்குப் பெரும்பாடு என்றும் அவள் சொல்கிறாள். வின்ஸ்டனோ அதே கூட்டத்தில் தன்னை மீறி வெறியோடு கத்தியவன்.

அதற்காக அவளைப் புரட்சியின் உண்மையான நாயகி என்று தூக்கிப்பிடிப்பதும் பொருந்தாது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஓஷியானியாவின் எதிரி நாடு யூரேசியா அல்ல, ஈஸ்டேசியா என்பதே அவளுக்கு நினைவில்லை. எடுத்துச் சொன்னபோதும், அதனால் என்ன என்று கேட்கிறாள். கடந்தகாலம் அவளுக்குப் பொருட்டே அல்ல. கட்சியின் பொய்களை நம்பாமலிருக்க அவளுக்குத் தெரியும், ஆனால் எது மெய் என்று தேட அவளுக்கு ஆசையில்லை. வின்ஸ்டனுக்கு ஆசை இருக்கிறது, கூர்மை போதவில்லை. இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் அவர்களது காதல் வெறும் காதல் கதையாக நின்றுவிடாமல் நாவலின் விவாதமாக மாறுகிறது.

இனிப் பெரியண்ணன். இங்கே தமிழ் வாசகருக்கென்றே ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. நம் செய்தித்தாள்களில் 'பெரியண்ணன் மனப்பான்மை' என்ற தொடர் நெடுங்காலமாகப் புழங்குகிறது. சிறிய நாட்டையோ மாநிலத்தையோ அதட்டி வேலைவாங்கும் ஆதிக்கப் போக்கை அது குறிக்கும். அந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு நாவலுக்குள் போனால், நாட்டாமை செய்யும் ஒரு சர்வாதிகாரியைத் தேடுவோம். அப்படி யாரும் நாவலில் வருவதில்லை. சுவரொட்டியில் ஒரு முகம், திரையில் ஒரு குரல், அவ்வளவுதான். பெரியண்ணன் இருக்கிறாரா என்று வின்ஸ்டன் கேட்கும்போது, கட்சியின் உருவகமாக இருக்கிறார் என்று பதில் வருகிறது. நான் இருப்பதைப் போல இருக்கிறாரா என்று அவன் விடாமல் கேட்க, நீ இல்லை என்கிறான் ஓபிரையன். இவ்வளவு பேசிய பிறகும் பெரியண்ணன் ஸ்டாலின்தான் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சோம்பல். மீசை ஸ்டாலினை நினைவூட்டுவது போல, ஆட்டுத்தாடி வைத்த கோல்ட்ஸ்டைன், ஸ்டாலினின் எதிரியான டிராட்ஸ்கியை நினைவூட்டுகிறார்; ஆனால் இருவருமே நாவலுக்குள் உண்மையான மனிதர்கள்தானா என்பது கடைசிவரை தெரிவதில்லை. (வீட்டுக்குள் அடைந்து கேமராவுக்கு முன் வாழச் சம்மதிக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு இந்தப் பாத்திரத்தின் பெயர் போய்ச் சேர்ந்ததை ஆர்வெல் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.)

கருப்பொருள் என்று வந்ததும் பெரும்பாலோர் எழுதுவது கண்காணிப்பு. டெலிஸ்கிரீன், செல்பேசி, கண்காணிப்புக் கேமரா என்று ஒப்பிட்டுக்கொண்டே போவது எளிது. படிக்கவும் சுவையாக இருக்கும். ஆனால் ஓஷியானியாவின் மக்களில் 85 விழுக்காட்டினரான, ப்ரோல்கள் எனப்படும் கட்சி சாராத உழைப்பாளிகளில் பெரும்பாலோர் வீட்டில் டெலிஸ்கிரீனே இல்லை. ஏனென்றால் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய தேவை கட்சிக்கு இல்லை. நாவலின் அச்சாணி கண் அல்ல, காகிதம். யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதைவிட, நேற்று என்ன நடந்தது என்பதற்கான சான்று யார் கையில் இருக்கிறது என்பதே அதன் கேள்வி.

சாக்லேட் பங்கீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பாருங்கள். 1984இல் சாக்லேட் பங்கீட்டைக் குறைக்கவே மாட்டோம் என்று வள அமைச்சகம் பிப்ரவரியில் உறுதி கூறியிருந்தது. ஏப்ரலில் அது முப்பது கிராமிலிருந்து இருபதாகக் குறைகிறது. வின்ஸ்டன் தன் மேசையில் அமர்ந்து, பழைய வாக்குறுதியை நீக்கிவிட்டு, ஏப்ரலில் குறைக்க வேண்டிவரலாம் என்ற எச்சரிக்கையை அந்த இடத்தில் வைக்கிறான்; மூலத்தாள் நினைவுக்குழி வழியாக உலைக்குப் போகிறது. இதுவரை இது சாதாரணப் பொய். அதே நாள் மதிய உணவின்போது, பங்கீட்டை இருபது கிராமாக உயர்த்தியதற்காகப் பெரியண்ணனுக்கு நன்றி கூறி ஊர்வலங்கள் நடந்ததாக டெலிஸ்கிரீன் அறிவிக்கிறது. குறைப்பு அறிவிப்பு வந்து ஒருநாள்தான் ஆகிறது. உணவகத்தில் இருப்பவர்கள் இதை எப்படி விழுங்குகிறார்கள் என்பதை ஆர்வெல் ஆள் ஆளாகக் காட்டுகிறார்: பார்சன்ஸ் ஒரு விலங்கின் மந்தத்தோடு எளிதில் விழுங்குகிறான், பக்கத்து மேசைக்காரன் வெறியோடு விழுங்குகிறான், மொழியறிஞனான சைம் இன்னும் சிக்கலான முறையில், இரட்டைச் சிந்தனையின் உதவியோடு விழுங்குகிறான்.

இரட்டைச் சிந்தனை என்பது பாமரத்தனம் அல்ல, அறிவாளியின் திறமை என்பது இந்த ஓரிடத்திலேயே விளங்கிவிடும். தமிழில் எழுதுவோர் இதை 'இரட்டை வேடம்' என்று பெயர்த்துவிடுவதுண்டு. இரட்டை வேடம் போடுபவனுக்குத் தான் வேடம் போடுவது தெரியும். இரட்டைச் சிந்தனை செய்பவன் உண்மையை அறிந்து, அதை மறந்து, மறந்தோம் என்பதையும் மறந்து, தேவைப்படும்போது மறுபடி நினைவுக்குக் கொண்டுவந்து, உடனே மறுபடி மறக்க வேண்டும். நயவஞ்சகனுக்குள் ஓரமாக ஒரு சாட்சி மிச்சமிருக்கும். இவனுக்குள் சாட்சியே கிடையாது. இரண்டும் இரண்டும் ஐந்து என்று வாயால் சொல்வதை ஓபிரையன் ஏற்றுக்கொள்ளாததும் இதனால்தான். தான் காட்டும் நான்கு விரல்கள் வின்ஸ்டனுக்கு ஐந்தாகத் தெரியும்வரை அவன் விடுவதில்லை.

ப்ரோல்களிடம்தான் நம்பிக்கை இருக்கிறது என்ற வின்ஸ்டனின் நாட்குறிப்பு வரியை நாவலின் செய்தியாக எடுத்தாள்வது இன்னொரு பழக்கம். அவனே அடுத்து எழுதுவதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: விழிப்படையும்வரை அவர்கள் கலகம் செய்ய மாட்டார்கள், கலகம் செய்து முடிக்கும்வரை அவர்களால் விழிப்படைய முடியாது. வட்டம் மூடிக்கொள்கிறது. துணி உலர்த்திக்கொண்டே பாடும் பருமனான ஒரு ப்ரோல் பெண்ணை மாடியறைச் சன்னலிலிருந்து பார்த்து, எதிர்காலம் இவளுடைய மக்களுக்கே உரியது என்று அவன் மனம் நிறையும் அந்த நேரத்தில்தான், படத்துக்குப் பின்னாலிருந்து இரும்புக் குரல் எழுகிறது. அவள் பாடும் பாட்டோ அமைச்சகத்தின் எந்திரம் தயாரித்துத் தள்ளியது. ஆனாலும் அவள் பாடும்போது அது அழகாக இருக்கிறது. இதில் நம்பிக்கையும் உண்டு, கேலியும் உண்டு. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது வசதி, வாசிப்பு ஆகாது.

கோல்ட்ஸ்டைனின் நூலிலிருந்து வரிகளை எடுத்து 'ஆர்வெல் கூறுகிறார்' என்று மேற்கோள் காட்டுவதையும் நிறுத்திக்கொள்ளலாம். அந்த நூலை எழுதியவர்களில் தானும் ஒருவன் என்று ஓபிரையன் சொல்கிறான். அவன் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு கேள்வி. எப்படி என்பது புரிகிறது, ஏன் என்பது புரியவில்லை என்று நாட்குறிப்பில் எழுதிய வின்ஸ்டன், அந்த ஏனுக்கு விடை வரப்போகும் இடத்தில் படிப்பதை நிறுத்திவிடுகிறான். விடை பின்னர் ஓபிரையன் வாயிலிருந்து வருகிறது: அதிகாரம் அதிகாரத்துக்காகவே.

அரசியல் பற்றிய தவறான வாசிப்பு நூல் வெளிவந்த 1949லேயே தொடங்கிவிட்டது. இது சோசலிசத்தின் மீதான தாக்குதல் என்று சிலர் கொண்டாடியபோது, ஆர்வெல் அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் எழுதிய ஒரு கடிதத்தில் அதை வெளிப்படையாக மறுத்தார். தான் ஆதரிக்கும் தொழிற்கட்சியையோ சோசலிசத்தையோ தாக்குவது தன் நோக்கமல்ல, மையப்படுத்தப்பட்ட பொருளாதாரத்துக்கு நேரக்கூடிய திரிபுகளைக் காட்டுவதே நோக்கம் என்றார். நாவலை மாஸ்கோவில் வைக்காமல் லண்டனில் வைத்ததும், எந்த இனமும் இதற்கு விலக்கல்ல என்று காட்டத்தான். பீகாரின் மோதிஹாரியில் பிறந்து, பர்மாவில் காலனியக் காவல்துறையில் பணியாற்றி, 1937இல் ஸ்பானியப் போர்முனையில் தொண்டையில் குண்டடிபட்டு, பிறகு பிபிசியின் கீழைச் சேவையில் 1941 முதல் 1943 வரை இந்தியாவுக்கான ஒலிபரப்பைத் தயாரித்தவர் அவர். ஸ்பெயினில் நடக்காத போர்கள் நடந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதியதை நேரில் கண்டவர். ஆவணப் பிரிவுக்கான விதை சோவியத் ரஷ்யாவில் மட்டும் விழுந்ததல்ல.

இந்த நாவலை ஒரு தீர்க்கதரிசனமாகப் பார்த்து, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பட்டியல் போடுவதும் ஆர்வெலின் விருப்பத்துக்கு மாறானது. இப்படியொரு சமூகம் வந்தே தீரும் என்று தான் நம்பவில்லை, இதைப் போன்ற ஒன்று வரக்கூடும் என்றுதான் நம்புகிறேன் என்று அதே கடிதத்தில் எழுதினார். நூல் ஓர் அங்கதம் என்பதையும் நினைவூட்டினார். நாவலை எழுதி முடித்த 1948ஐத் திருப்பிப் போட்டு 1984 வந்தது என்ற கதையைச் சான்றுபோல எழுதாமல் இருப்பது நல்லது. கைப்பிரதியில் ஆண்டு 1980 என்றும் 1982 என்றும் இருந்து பின்னர்தான் மாறியது. நாவலுக்குள்ளும் இது 1984தானா என்பது வின்ஸ்டனுக்கு உறுதியாகத் தெரியாது.

கடைசியாக, பின்னிணைப்பு. 'அவன் பெரியண்ணனை நேசித்தான்' என்ற வாக்கியத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள் கட்சி உருவாக்கும் புதிய மொழியை விளக்கும் 'புதுமொழியின் கோட்பாடுகள்' என்ற அந்தப் பகுதியைப் படிப்பதே இல்லை. உறுப்பினர்களுக்கு நூல்களைத் தேர்ந்தெடுத்து விற்கும் அமெரிக்காவின் புக் ஆஃப் தி மன்த் கிளப், இதையும் கோல்ட்ஸ்டைன் நூற்பகுதியையும் வெட்டினால்தான் எடுத்துக்கொள்வோம் என்றபோது ஆர்வெல் மறுத்தார். பெரும்பணம் கைவிட்டுப் போகும் அபாயம் இருந்தும், காசநோயோடு போராடிக்கொண்டிருந்த நிலையிலும் மறுத்தார். கிளப்தான் கடைசியில் இறங்கிவந்தது. அந்தப் பின்னிணைப்பு புதுமொழியில் அல்லாமல் சாதாரண ஆங்கிலத்தில், முழுவதும் இறந்தகாலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. புதுமொழி என்பது ஓஷியானியாவின் ஆட்சிமொழியாக 'இருந்தது' என்று அது தொடங்குகிறது. இதை வைத்துக் கட்சி வீழ்ந்துவிட்டது என்று அடித்துச் சொல்ல முடியாது; யார் எப்போது எழுதியது என்ற தகவல் அதில் இல்லை. ஆனால் நாவல் நம்பிக்கைக்கு ஓரிழை இடம்கூட விடவில்லை என்று எழுதுபவர், இந்த இறந்தகாலத்துக்கு ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். ஷேக்ஸ்பியர், மில்டன், ஸ்விஃப்ட், பைரன், டிக்கன்ஸ் போன்றோரைப் புதுமொழிக்கு மாற்றும் வேலை மெதுவாகவும் கடினமாகவும் இருந்ததால், அந்த மொழியை முழுமையாக நடைமுறைப்படுத்தும் நாள் தள்ளிவைக்கப்பட்டிருந்தது என்று அந்தப் பகுதி முடிகிறது. புத்தகத்தின் உண்மையான கடைசிச் சொல் பெரியண்ணன் அல்ல. 2050 என்ற ஆண்டு.